ஸ்பீச் தெரபி படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்தில் மதுரைப் பக்கம் தவறாமல் காதில் விழும் கேள்வி இது: "ஸ்பீச் தெரபின்னு ஒரு படிப்பு இருக்காமே, அது டீச்சர் வேலையா, டாக்டர் வேலையா?" திக்குவாய்க்குப் பயிற்சி கொடுப்பது என்று ஒருவர் பதில் சொல்வார். காது மெஷின் விற்கிற கடையில் உட்காருகிற வேலை என்பார் இன்னொருவர். பேச வராத பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பது என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் படிப்பின் ஓரத்தைத்தான் தொடுகிறார்கள்.

பேச்சு வேறு, மொழி வேறு, கேட்டல் வேறு. ஆனால் இவற்றில் எது கெட்டாலும் வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஒன்றுதான்: பேச்சு சரியாக வரவில்லை. அதற்குப் பின்னால் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்ததைச் சீர்செய்யவும் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பு. இந்தக் குழப்பத்தால் நல்ல மாணவர்கள் ஒரு நல்ல படிப்பைத் தவறவிடுவது ஒரு பக்கம். காது கேட்காத குழந்தைகள் மூன்று வயது, நாலு வயது வரை யாரிடமும் காட்டப்படாமல் இருப்பது அதைவிடப் பெரிய வேதனை. அதனால்தான் அடியிலிருந்து எழுதுகிறேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை

மாநகராட்சித் தண்ணீர் தெருவிலிருந்து சம்ப்புக்கு வருகிறது. மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். அங்கிருந்து அடுப்படிக் குழாய்க்கு இறங்குகிறது. ஒருநாள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. குழாய் அடைத்திருக்கலாம். மாடித் தொட்டியில் கோளாறு இருக்கலாம். தெருவிலிருந்து சம்ப்புக்கே தண்ணீர் வராமல் போயிருக்கலாம். அடுப்படியில் நிற்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். சம்ப்பு காய்ந்து கிடக்கும்போது குழாயை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை.

தெருவிலிருந்து வரும் தண்ணீர்தான் கேட்டல்: வெளியே எழும் ஒலி காதுக்குள் நுழைந்து மூளையைப் போய்ச் சேர்வது. மாடித் தொட்டிதான் மொழி: சொற்கள், அவற்றின் பொருள், அவற்றைக் கோத்து வாக்கியமாக்கும் விதிகள், இவையெல்லாம் மூளையில் சேர்ந்திருப்பது. குழாய்தான் பேச்சு: சேர்ந்த மொழியை மூச்சும் குரல்வளையும் நாக்கும் உதடும் ஒலியாக மாற்றி வெளியே விடுவது.

பேச்சும் மொழியும் ஒன்றுதானே என்று சிலருக்குத் தோன்றலாம். சைகை மொழியில் பேசிக்கொள்ளும் இரண்டு நண்பர்களைக் கவனியுங்கள். கோபப்படுகிறார்கள், கேலி செய்கிறார்கள், நேற்று நடந்ததைச் சொல்கிறார்கள், நாளைக்குத் திட்டம் போடுகிறார்கள். குரல் ஒன்றுமில்லை; மொழி முழுசாக இருக்கிறது.

பேசாத குழந்தைக்கு வசம்பு உரைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூர் சன்னதியில் வாய் திறந்தவர் என்று குமரகுருபரரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்லியே காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நம்பிக்கை அவரவர் மனசைப் பொறுத்தது. ஆனால் நேர்த்திக்கடனும் காது டெஸ்ட்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

காதுக்குள் நடப்பது

படிப்பின் ஒரு பெரும்பகுதி கேட்டலைப் பற்றியது. அதற்கு ஆடியாலஜி என்று பெயர். முதல் ஆண்டிலேயே காதின் அமைப்பை எலும்பு எலும்பாகப் படிக்க வேண்டும்.

காற்றில் வரும் அதிர்வு காதுக்குள் போய்ச் செவிப்பறையைத் தட்டுகிறது. அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் சங்கிலியாக நிற்கின்றன. அங்கவடி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். உடம்பிலேயே சின்ன எலும்பு அது. அது அசைந்தால், உள்காதில் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பிலுள்ள திரவம் அசைகிறது. அங்கே சுமார் 15,000 மயிரிழை செல்கள் இருக்கின்றன. பெயரில் மயிர் இருந்தாலும் அவை நுண்ணிய இழைகளைத் தலையில் தாங்கிய செல்கள்தான். இழை சாய்ந்ததும் செல்லில் மின்மாற்றம் உண்டாகி, அந்தச் சேதி செவி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. நமக்குக் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் இந்த இடத்தில் அதிர்விலிருந்து மின்சாரமாக மாறித்தான் ஆக வேண்டும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. காக்ளியாவின் வாசல் பக்கத்துச் செல்கள் கீச்சென்ற ஒலிகளையும், உள்முனையில் இருப்பவை கனத்த ஒலிகளையும் பிடிக்கின்றன. ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் அலைவெண்; அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். பேச்சில் ஆ, ஓ, ம போன்றவற்றின் வலு தாழ்ந்த அலைவெண்ணில் இருக்கிறது. 'ச' 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். வாசல் பக்கத்துச் செல்கள் மட்டும் கெட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள். கொட்டுச் சத்தத்துக்குத் திரும்பும். கதவை அறைந்தால் திடுக்கிடும். அம்மா கூப்பிட்டாலும் சில சமயம் பார்க்கும். "காது நல்லா கேக்குது, பேச்சுதான் வரல" என்று வீட்டில் சத்தியம் செய்வார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்குச் சொற்கள் ஓட்டை ஓட்டையாகத்தான் போய்ச் சேர்கின்றன. கைதட்டிப் பார்ப்பது காது டெஸ்ட் ஆகாது என்று இதனால்தான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

கேட்டல் குறைபாட்டில் இரண்டு பெரிய வகைகள். காது அழுக்கு அடைப்பது, சீழ் வடிவது, எலும்புச் சங்கிலி இறுகுவது போன்றவற்றால் ஒலி உள்காதை எட்டாமல் போவது கடத்தல் குறைபாடு. இதைப் பல நேரம் காது மூக்கு தொண்டை மருத்துவர் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்வார். மயிரிழை செல்களோ நரம்போ கெடுவது நரம்புக் குறைபாடு. மனிதருக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அங்கே கேட்கும் கருவி அல்லது காக்ளியர் இம்ப்ளாண்ட் தேவைப்படும். இம்ப்ளாண்ட் என்பது கெட்ட செல்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தூண்டும் கருவி. அதை உள்ளே பொருத்துவது மருத்துவர். முன்னால் அளந்து சொல்வதும், பொருத்திய பிறகு கருவியை மெல்ல மெல்லச் சரிப்படுத்தி, கேட்கவும் பேசவும் பழக்குவதும் இந்தப் படிப்பைப் படித்தவர்கள்.

பிறவியிலேயே வரும் குறைபாட்டில் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொள்வது தெற்கே இன்னும் இருக்கிறது. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே குறையுள்ள மரபணு மறைந்திருக்கும் வாய்ப்பு நெருங்கிய உறவில் கூடுதல். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனாலும், சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குக் காது பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

குழந்தையிடம் எப்படிக் கேட்பது?

பிறந்த குழந்தையால் "கேட்கிறது" என்று சொல்ல முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. ஆரோக்கியமான காக்ளியா ஒலியை வாங்குவதோடு, தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. 1978இல் டேவிட் கெம்ப் இதை அளந்து காட்டினார். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனை ஒன்றை வைத்து, சத்தம் கொடுத்து, திரும்பி வரும் ஒலியைப் பிடிப்பதுதான் ஓஏஈ என்ற பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால் பெரா என்ற அடுத்த பரிசோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, ஒலி கேட்ட 10 மில்லி விநாடிக்குள் நரம்புப் பாதையில் எழும் மின்னலைகளைப் பார்ப்பார்கள். ஊசி, வலி எதுவும் கிடையாது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட இலக்கு. மூளையில் கேட்கும் பகுதி வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான் என்பதால் இத்தனை அவசரம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு முறை வேறு. சத்தம் புகாத அறை. நாலு வயதுப் பையன், தலையில் ஹெட்போன், கையில் பிளாஸ்டிக் வளையம். சத்தம் கேட்டதும் வளையத்தைக் குச்சியில் போட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மாணவி 1,000 ஹெர்ட்ஸில் ஒரு ஒலி கொடுக்கிறாள். வளையம் விழுகிறது. 10 டெசிபல் குறைக்கிறாள்; ஒலி எவ்வளவு பலமானது என்பதைச் சொல்லும் அலகு டெசிபல். மறுபடி விழுகிறது, மறுபடி குறைக்கிறாள். இப்போது பையன் வளையத்தைக் கன்னத்தோரம் பிடித்தபடி அசையாமல் இருக்கிறான். 5 டெசிபல் கூட்டுகிறாள். அவன் கண் லேசாக அகல்கிறது, வளையம் விழுகிறது. ஒரே இடைவெளியில் ஒலி கொடுத்தால் பிள்ளைகள் தாளம் பிடித்து, கேட்காமலேயே போட்டுவிடுவார்கள். அதனால் இடைவெளியை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படிக்கலாம். கைக்கு வருவதற்கு மாதங்கள் ஆகும்.

இப்படி ஒவ்வொரு அலைவெண்ணிலும் கேட்கிற மிக மெல்லிய அளவைக் குறித்த வரைபடம்தான் ஆடியோகிராம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு அதிகம்.

இதில் ஒரு தவறான பேச்சு ஊரெங்கும் புழங்குகிறது. 60 டெசிபல் என்று தாளில் இருந்தால், "அறுபது சதவீதம் கேக்கல, மிச்சம் நாப்பது கேக்குது" என்று நிம்மதி அடைகிறார்கள். டெசிபல் சதவீதம் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் சாதாரணப் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல்தான். ஆகவே கருவியில்லாத அந்தப் பிள்ளைக்கு வகுப்பறைப் பேச்சில் பெரும்பகுதி கேட்கவே கேட்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரையிலான இழப்பைக் 'காது மந்தம்' என்றும், 70 டெசிபல் இழப்பைக் 'காது கேளாமை' என்றும் வகுத்திருக்கிறது. சான்றிதழில் எழுதப்படும் சதவீதம் தனிக் கணக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கேட்டல் மூளைக்குள் மொழி நுழையும் வாசல். அது அடைபட்டிருக்கிறதா, எந்த இடத்தில், எவ்வளவு என்று அளப்பது ஆடியாலஜி. இனி வாசலைத் தாண்டிய பகுதி.

மொழி கெடுவது

காது நன்றாக இருக்கிறது, நாக்கும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பேச முடியவில்லை என்ற நிலை உண்டு. இதைப் பக்கவாதம் வந்த வீடுகளில் பார்க்கலாம். பெரியவர் தண்ணீர்ச் செம்பைப் பார்க்கிறார். அது என்னவென்று தெரியும், தாகமும் இருக்கிறது. "அது... அது..." என்பதற்கு மேல் சொல் வரவில்லை. முகம் சிவந்து கையை உதறுகிறார். அதே மனிதரை "ஒண்ணு, ரெண்டு..." என்று எடுத்துக் கொடுத்தால் பத்து வரை எண்ணிவிடுவார். பல வருஷமாகச் சொல்லிவந்த முருகன் துதியைச் சில வரிகள் தடங்கலில்லாமல் சொல்வதும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள், "சாமி பாட்டு மட்டும் வருது, வேணும்னே பேச மாட்டேங்கிறார்" என்று தப்பாக நினைத்துக் கோபப்படுவார்கள். பழகிப்போன வரிசைகளை மூளை வேறு விதமாகக் கையாள்கிறது. புதிதாகச் சொல் தேடி வாக்கியம் கட்டும் பகுதிதான் அடிபட்டிருக்கிறது. மூளை பாதிப்பால் மொழி கெடும் இந்த நிலைக்கு அஃபேசியா என்று பெயர். அந்தப் பெரியவருக்கு அறிவு மழுங்கவில்லை. அவரைக் குழந்தை போல நடத்துவது பெரிய கொடுமை.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாதிருந்த ஒருவர் இறந்த பிறகு அவர் மூளையைப் பார்த்தார். இடது முன்பக்கத்தில் சேதம் இருந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையை விவரித்தார்: பேச்சு ஓடும், ஆனால் பொருள் நிற்காது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. மூளையும் மொழியும் என்ற பாடம் இந்த இருவரிடமிருந்துதான் தொடங்கும்.

குழந்தைகளிடம் கதை வேறு. அவர்களுக்கு மொழி இன்னும் சேரவே இல்லை. ஒரு வயதையொட்டி முதல் சொல், இரண்டு வயதுக்குள் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்வது என்பது பொதுவான கணக்கு. அது நடக்கவில்லை என்றால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். காது சரியாக இருந்தால் ஆட்டிசம், அறிவு வளர்ச்சித் தாமதம், மொழி மட்டும் தாமதமாவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "இவன் மாமாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்பவை அன்பில் சொல்லும் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலில் போவது மீண்டும் கிடைக்காத மாதங்கள்.

பேச்சு கெடுவது

பள்ளிக்கூடத்தில் 'எழுத்துகளின் பிறப்பு' என்று படித்தது நினைவிருக்கிறதா? உதடு ஒட்டினால் ப, ம. நாக்கு நுனி மேல்வாயை வருடினால் ர, ழ. மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அந்தப் பாடம்தான் இங்கே கைக்கருவி. மூன்று வயதுக் குழந்தை காக்காவைக் காட்டி "தாத்தா" என்கிறது. 'க'வுக்கு நாக்கின் பின்பகுதி எழ வேண்டும். அது எழாமல் நுனி முன்னால் போய்ப் பல்லைத் தொடுகிறது. அந்த வயதில் இது இயல்பு. பள்ளிக்கூடம் போன பிறகும் நீடித்தால் பயிற்சி தேவை. மேலண்ணம் பிளந்து பிறந்த குழந்தைக்குக் காற்று மூக்கு வழியாகத் தப்பிவிடுவதால் 'ப' கூட 'ம' மாதிரிக் கேட்கும். அங்கே முதலில் அறுவை சிகிச்சை, அப்புறம் பயிற்சி.

திக்குவாய் பயத்தாலோ, திக்குபவரைப் பார்த்துப் பழகியதாலோ வருவதில்லை. பேச்சசைவுகளின் நேரத்தை மூளை ஒழுங்குபடுத்துவதில் உள்ள வேறுபாடும், குடும்ப வழியும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும். பல குழந்தைகளுக்குத் தானாக நின்றும் விடும். "மூச்சை இழுத்து மெதுவா பேசு" என்று நடுவில் புகுந்து திருத்துவது பிள்ளையை மேலும் ஒடுக்கும். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய முதல் உதவி.

குரல் கெடுவதும் இதில் சேரும். நாள் முழுக்கக் கத்திப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் கூவி விற்பவர்களுக்கும் குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் விழலாம். அப்புறம் விழுங்குதல். பேசுகிற தசைகளும் விழுங்குகிற தசைகளும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அதையும் படிக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்குக் கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் மூச்சுக்குழலுக்குள் எளிதில் நழுவும் என்பது பலருக்குத் தெரியாது. தாகம் என்று அவசரமாகத் தண்ணீர் ஊற்றுவது ஆபத்தாக முடியலாம்.

ஆக, மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கு மூன்று வெவ்வேறு வேலைகள். மூன்றையும் ஒரே ஆள் படிப்பது, எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிய வேண்டியிருப்பதால்.

எது கோளாறு, எது ஊர்ப் பேச்சு

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இது. மதுரை வட்டாரத்தில் நிறையப் பேர் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் சொல்வார்கள். அப்பா, அம்மா, அப்பத்தா எல்லோரும் அப்படிப் பேசும் வீட்டில் வளரும் குழந்தையும் அப்படித்தான் சொல்லும். அது வட்டார வழக்கு, நோயில்லை. அதற்குச் சிகிச்சை கொடுக்கப் போவது குழந்தையின் குடும்பத்தையே தப்பு என்று சொல்வதற்குச் சமம். வீட்டில் எல்லோருக்கும் 'க' வரும்போது குழந்தைக்கு மட்டும் வராதது வேறு விஷயம்.

அதேபோல, மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். பேச்சு தாமதமானால், "வீட்டு மொழியை விடுங்க, ஒரே மொழியில பேசுங்க" என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வராது. பாட்டியோடு பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவதால் லாபம் எதுவும் இல்லை. அதிகம் பேசிப் பழக்கக்கூடிய மனிதர்களைத்தான் பிள்ளை இழக்கிறது. சோதிக்கும்போது எல்லா மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ண வேண்டும். ஆங்கிலக் குழந்தைகளுக்கென்று உருவான தேர்வை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்க் குழந்தையிடம் நீட்டினால் விடை தப்பாகத்தான் வரும். ஒலிகள் வேறு, இலக்கணம் வேறு, எது முதலில் வரும் என்ற வரிசையும் வேறு. தமிழுக்கென்றே செய்த தேர்வுகள் இன்னும் நிறைய வேண்டும். அவற்றை உருவாக்கத் தமிழை நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த மாணவர்கள்தான் வர வேண்டும்.

சேர்வதும் படிப்பதும்

பட்டப்படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. (ஆடியாலஜி, பேச்சு மொழி நோயியல் இரண்டும் சேர்ந்த இளநிலைப் பட்டம்). மொத்தம் நான்கு ஆண்டு; கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. உடற்கூறு, ஒலி இயற்பியல், மொழியியல், உளவியல் எல்லாம் இருப்பதால் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்திருக்க வேண்டும். எந்தப் பாடச் சேர்க்கையை ஏற்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முதுகலைக்குப் போகும்போது பாதை பிரிகிறது: ஆடியாலஜி ஒன்று, பேச்சு மொழி நோயியல் இன்னொன்று. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இந்தத் துறையில் நாட்டின் பெரிய பெயர். தமிழ்நாட்டில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் வேலூர் சிஎம்சியிலும் இந்தப் பட்டம் உண்டு.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்தமாகச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, தினமும் நோயாளிகள் வருகிறார்களா, எந்த ஆண்டிலிருந்து மாணவர்களை அவர்களோடு உட்கார வைக்கிறார்கள் என்று கேளுங்கள். படித்து முடித்தவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சில மாதக் குறுகிய பயிற்சிக்குச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் இந்தப் பதிவு கிடைக்குமா என்று கேட்டால் விஷயம் விளங்கிவிடும். பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் பெற்றோரும் பதிவு எண்ணைக் கேட்கலாம். முறையாகப் படித்தவர் தயங்காமல் காட்டுவார்.

பணம் இல்லையே என்று தயங்கும் வீடுகளுக்கு ஒரு சேதி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் உண்டு. வயது வரம்பு இருப்பதால் சீக்கிரம் விசாரிப்பது நல்லது. மதுரைக்காரர்களுக்கு முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவு.